பிரேக் கட்டைக்குப் பத்து மதிப்பெண்

அக்டோபர் 1, ஞாயிறு

சேலத்துக்கு ஒரு சங்கம் குறைவாக இருந்தது போலும். 'மிதிவண்டி மரபு மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய கறுப்பு சைக்கிளைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது இதன் பணி. தலைவர் கோகுலகண்ணன், பல் மருத்துவர். வயது நாற்பதைத் தாண்டி ஓரிரண்டு இருக்கும். கல்லூரிக்கு மோட்டார் சைக்கிளில் போனவர். தன்னிடம் ஒருபோதும் இருந்திராத ஒன்றை இழந்துவிட்டதாக இவ்வளவு உருக்கமாகப் பேசக்கூடிய மனிதரை நான் இதற்கு முன் மேடைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

இன்று காலை அவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். பாக்கியத்தின் பழைய சைக்கிளைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியாக இருந்தபோது என் மனைவி ஓட்டிய வண்டி. பின்கட்டில் சிமென்ட் மூட்டைகளுக்கு அடியில் நிம்மதியாகக் கிடந்தது. அதை வெளியே இழுத்தார்கள். டாக்டர் அதன் முன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பிரேக் கம்பியை விரலால் தடவினார்.

"ஒரிஜினல் கம்பி பிரேக் சார். இப்ப வர்ற ஒயர் பிரேக்கெல்லாம் ஒரு பிரேக்கா சார்?"

"ஆமாங்க. வண்டி நின்னுடும். அது ஒண்ணுதான் அதுகிட்ட குறை" என்றேன்.

டாக்டர் தரையில் கையூன்றிச் சிரித்தார். "சார் பிரமாதமா பேசுறீங்க. மன்றத்துக்கு வந்து பேசணும்."

முப்பது ஆண்டுகள் மோட்டார் வாகன ஆய்வாளராக ஊரார் பிரேக்கை மிதித்துப் பார்த்தவன் நான். அவமதிப்பைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் மனிதரை எதிர்கொள்ள அந்தத் துறையில் பயிற்சி தருவதில்லை.

பாக்கியம் அவர்களுக்கு வடை போட்டாள். எனக்கு எண்ணெய் ஆகாது என்று நேற்றுதான் சொல்லியிருந்தாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

கம்பி பிரேக் என்பது இதுதான். ஹேண்டில் பாருக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதை அழுத்தினால் ஒரு கம்பியை மேலே தூக்கும். கம்பியின் முனையில் லாடம் போல ஓர் இரும்பு. லாடத்தின் இரு காலிலும் இரண்டு ரப்பர் கட்டைகள். அவை சக்கரத்தின் ரிம்மை உள்பக்கமாகப் போய்த் தொடும். தொடும் என்றுதான் எழுதியிருக்கிறேன், பிடிக்கும் என்று எழுதவில்லை. வெயில் நாளில் ஒரு மாதிரி பிடிக்கும். ரிம் நனைந்துவிட்டால் ரப்பருக்கும் இரும்புக்கும் உள்ள உறவு ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் உறவுதான். பார்த்தால் தலையசைக்கும், அவ்வளவே.

அந்தக் காலத்தில் சைக்கிளை நிறுத்தியது செருப்பு. நான் பள்ளி முடிப்பதற்குள் என் இடது செருப்புகள் எல்லாம் வலது செருப்புகளுக்கு முன்பே தேய்ந்து போயின. இதை யாரும் மரபு என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை.

பாக்கியம் சைக்கிளுக்கு மண்ணெண்ணெய் தேடி மூன்று கடை ஏறி இறங்கினாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

மன்றத்தில் பேசினேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பாக்கியம் என் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டி வைத்திருந்தாள்.

திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எல்லாம் மினி டெம்போவில் வந்து இறங்கியவை. உறுப்பினர்கள் காரில் வந்து, கதர் சட்டைக்கு மாறி, வாசலிலிருந்து மேடை வரைக்கும் ஓட்டினார்கள். தரை வழுவழுப்பாக இருந்தது. ஒருவர் நிறுத்த முடியாமல் பந்தி மேசையில் முட்டினார். கைதட்டினார்கள்.

நான் ஒளிவு மறைவில்லாமல் பேசினேன். இந்த வண்டிகள் கனம், இந்த பிரேக்குகள் பொய், இவற்றை ஓட்டியவர்கள் வேறு வழியில்லாமல் ஓட்டினார்கள், வழி கிடைத்த அன்றே பழைய இரும்புக்குப் போட்டார்கள், அவர்களே அறிவாளிகள் என்றேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிரிப்பு. முடித்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். பொன்னாடை வேறு. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வேதமூர்த்தி, மன்றத்தின் செயலாளர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயிறு வலிக்குது சார்" என்றார்.

அடுத்துப் பாக்கியத்தைப் பேசச் சொன்னார்கள். எழுந்தாள். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வேலை பார்த்த காலத்தில், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது என்பதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கியதைச் சொன்னாள். ஒரு கையில் வண்டி, ஒரு தோளில் தடுப்பூசிப் பெட்டி. மழை என்றால் பெட்டிக்குத்தான் குடை. கூட்டம் 'ச்சூ' கொட்டியது. டாக்டர் ஒலிபெருக்கியை வாங்கி, "எவ்வளவு இனிமையான காலம்" என்றார்.

பிறகுதான் அறிவிப்பு. இருபத்தொன்பதாம் தேதி ஏற்காடு ஏரியிலிருந்து அடிவாரம் வரை பழைய சைக்கிளில் இறங்கும் ஊர்வலம். அக்டோபர் கடைசியில், மழையில், கொண்டை ஊசி வளைவுகளில்.

முதலில் கை தூக்கியவள் என் மனைவி.

அக்டோபர் 9, திங்கள்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும். ரப்பர் காய்ந்துவிட்டால் எதையும் பிடிக்காது என்று பாக்கியத்திடம் பொதுவாகச் சொன்னேன். "குழாயைப் பத்திப் பேசுறீங்களா?" என்று கேட்டாள். குழாயைப் பற்றித்தான் என்றேன்.

அக்டோபர் 12, வியாழன்

இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அந்த மலையில நீ இறங்காத இறக்கமா? இப்ப எதுக்கு?"

"இறங்குனேன். தள்ளிக்கிட்டுல்ல இறங்குனேன்."

"தள்ளிக்கிட்டு இறங்குனதுனாலதான் இப்ப உக்காந்து வெங்காயம் உரிக்கிற."

"அதேதான் சொல்றேன். எத்தனை வருஷம். ஒவ்வொரு வளைவுலயும் நெனச்சுக்குவேன், ஏறி உக்காந்து ஒரே இறக்கமா விட்டா எப்படியிருக்கும்னு. கீழ ஒரு பொண்ணுக்கு வலி எடுத்திருக்கும். விழுந்து வெச்சா அவளை யாரு பாக்குறது? தள்ளிக்கிட்டே வருவேன். இப்ப எனக்காக யாருங்க காத்திருக்கா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. வெங்காயக் காரத்தில் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

டாக்டர் வந்தார். கையில் ஒரு மஞ்சள் அட்டைப்பெட்டி. ஈரோட்டில் மூடிப்போன சைக்கிள் கடை ஒன்றின் பரணிலிருந்து கிடைத்ததாம். திறக்கப்படாத பெட்டி. உள்ளே பிரேக் கட்டைகள். பாக்கியத்தின் வண்டிக்கு அந்தக் கம்பெனியே அந்தக் காலத்தில் செய்தவை. கோயிலில் பரிவட்டம் கட்டுவது போல இரண்டு கையாலும் கொடுத்தார்.

"மேடம், இதை மாட்டினா உங்க வண்டி நூத்துக்கு நூறு ஒரிஜினல். வண்டிச் சோதனையில பிரேக் கட்டைக்கு மட்டும் பத்து மதிப்பெண் இருக்கு. புது ரப்பர் போட்டா ஊர்வல வரிசையிலயே நிக்க முடியாது, நம்பர் கிடையாது, கடைசியிலதான் வரணும்."

ஒரு கட்டையை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம்தான் வளைந்தது. நாற்பது ஆண்டு பரணில் வெந்த ரப்பர். பலகையில் எழுதினால் எழுதும்.

"இது கல்லுங்க டாக்டர்."

"வைரம் சார்" என்றார் டாக்டர்.

நோயாளியின் வாயில் நாற்பது வருடப் பழைய சிமென்ட்டை வைத்து, ஒரிஜினல் என்று அனுப்புவீர்களா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். இதை மன்றத்தின் வாட்ஸாப் குழுவில் போட அனுமதி கேட்டார்.

அவர் போனதும் பாக்கியம் கட்டைகளை மாட்டினாள். ஸ்பேனர் பிடிக்கும் லாவகம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

நேரடியாகவே சொல்லிவிட்டேன். அந்தக் கட்டைகள் பிடிக்காது, ரிம் நனைந்தால் சுத்தமாகப் பிடிக்காது, மேலிருந்து விட்டால் மூன்றாவது வளைவில் வண்டி வளையாது, பள்ளத்தாக்கு வளைந்து கொடுக்காது என்றேன்.

பாக்கியம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"போன வாரம் சம்பந்தி வீட்டுப் பந்தலைப் பாத்து, இது விழுந்து நாலு பேர் சாவாங்கன்னீங்க. விழல. பக்கத்து வீட்டுக்காரர் பையனை வெளிநாடு அனுப்புனப்ப, உருப்பட மாட்டான்னீங்க. உருப்பட்டுட்டான். சினிமா, சாம்பார், சாமி, நான் பாடுற பாட்டு, எல்லாத்துக்கும் ஒரே குரல்தான் உங்களுக்கு. இதுல எது நெசமான ஆபத்துன்னு நான் எப்படிங்க கண்டுபுடிக்கிறது?"

சம்பந்தி வீட்டுப் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"பாத்தீங்களா" என்றாள்.

அக்டோபர் 20, வெள்ளி

கடைவீதிக்குப் போனேன். குழாய்க்கு வாஷர் வாங்கினேன். வேறு சில ரப்பர் சாமான்களும். மாலையில் பாக்கியம் தேவாரப் பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். பின்கட்டில் கொஞ்ச நேரம் வேலை இருந்தது.

புது ரப்பர் மிருதுவாக இருக்கிறது. வாஷரைச் சொல்கிறேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

வண்டிச் சோதனை. பிரேக் விஷயத்துக்கு என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். கையில் மதிப்பெண் தாளைக் கொடுத்தார்கள். பெயின்டுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, சீட்டின் ஸ்பிரிங்குக்கு இவ்வளவு, பிரேக் கட்டை ஒரிஜினலா என்பதற்குப் பத்து. வண்டி நிற்கிறதா என்பதற்குக் கட்டமே இல்லை. வேதமூர்த்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நிக்குதே சார்" என்று ஸ்டாண்டு போட்டு வரிசையாக நின்ற வண்டிகளைக் காட்டினார். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கருங்கல். எல்லாவற்றுக்கும் பத்து. ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு கேவலமான கையெழுத்து நான் போட்டதில்லை. பாக்கியத்தின் வண்டி முன் வந்ததும் அதற்கும் பத்து போட்டுவிட்டு நகர்ந்தேன்.

டாக்டருக்குக் குனிந்து பார்ப்பதே தொழில். குனிந்தார். பிறகு சொத்தைப் பல்லைச் சொல்லும் குரலில், "மேடம், இது புதுசு" என்றார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பாக்கியம் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மறந்து மாத்திட்டிருப்பாங்க" என்றார் வேதமூர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி. யாரோ "நடுவர் வீட்டு வண்டிக்கே பத்தா?" என்றார்கள். சிரித்தார்கள். எப்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்புதான். இந்த முறை அது அவள் மேல் விழுந்தது.

வழியெல்லாம் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் நடந்தேன். வீட்டு வாசலில் ஒன்று மட்டும் சொன்னாள்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னாடி சிரிக்க வெச்சிருக்க வேண்டாம்."

அக்டோபர் 23, திங்கள்

கருங்கற்களைத் திரும்ப மாட்டிவிட்டாள். காலை உப்புமா. மதியமும்.

அக்டோபர் 25, புதன்

பேச்சில்லை. மகள் ஓசூரிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, அம்மா இப்பதான் எதுக்கோ ஆசைப்பட்டிருக்காங்க. கொஞ்சம் கிண்டல் பண்ணாம இருங்களேன்." நான் கிண்டல் செய்யவில்லை என்றேன். "இதையும் அதே குரல்லதான் சொல்றீங்க" என்றாள். இந்தக் குடும்பத்தில் பெண்கள் எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பாக்கியம் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் அவள் வண்டியை எடுத்தேன். ஆய்வாளர் சும்மா சொல்லக் கூடாது, சோதித்துச் சொல்ல வேண்டும். ரிம் இரண்டிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். நம் தெரு முனையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு சின்ன இறக்கம் இருக்கிறது, குழந்தைகள் பந்து உருட்டும் இறக்கம். அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்து வண்டியை ஓடவிட்டேன்.

நான் நிறுத்த நினைத்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு இளநீர் வண்டி இருந்தது.

சோதனை முடிவு: கட்டை பிடிக்கவில்லை. செருப்பும் பிடிக்கவில்லை, இப்போதைய செருப்புகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இளநீர்க்காரர் நல்ல மனிதர். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் சிறு சிராய்ப்பு. முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 26, வியாழன்

முழுக்கைச் சட்டை போட்டுச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து மடக்கினாள். கத்திவிட்டேன்.

"என்ன இது?"

"கதவு நிலையில இடிச்சுக்கிட்டேன்."

மருந்துப் பெட்டியை எடுத்து வந்தாள். பஞ்சில் தொட்டுத் தொட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள். தட்டில் 'ணங்' என்று சத்தம் கேட்டது.

"நம்ம வீட்டுக் கதவு நிலையில ஜல்லி எப்பருந்து இருக்குது?"

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். வளைந்த மட்கார்டைப் பார்த்திருப்பாள். திரும்பி வந்து கட்டுப் போட்டாள். முடிச்சுப் போட்ட பிறகு கேட்டாள்.

"எங்க ஓட்டுனீங்க?"

"தண்ணித் தொட்டிகிட்ட."

"அந்த இறக்கத்துலயா? அது ஒரு இறக்கமா?"

"அதுலயே நிக்கல."

அவள் மருந்துப் பெட்டியை மூடினாள். அப்போது நான் ஒன்று சொன்னேன். சிறிய வாக்கியம். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பாக்கியம் காத்திருந்தாள். நான் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒரு குத்தல் வரும் என்று அவளுக்குத் தெரியும். அது வருவதற்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"பயமா? உங்களுக்கா?"

"ஆமா."

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையில் வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. இரவு உப்புமா இல்லை.

அக்டோபர் 28, சனி

காலையில் பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். போனேன். சைக்கிள் தலைகீழாக நின்றது. கருங்கற்களைக் கழற்றி வைத்திருந்தாள். ஸ்பேனரை நீட்டினாள்.

"அந்தப் புதுசை நீங்களே மாட்டுங்க. திருட்டுத்தனமா மாட்டத் தெரியுதில்ல, இப்ப எதிர்ல மாட்டுங்க."

மாட்டினேன். லாடத்தின் இரண்டு காலும் ரிம்மை ஒரே நேரத்தில் தொட வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். அவள் ரிம்மில் தண்ணீர் ஊற்ற, சக்கரத்தைச் சுற்றிவிட்டு நெம்புகோலை அழுத்தினேன். கிறீச்சிட்டு நின்றது. மறுபடி ஊற்றினாள். மறுபடி நின்றது. நனைந்த ரிம் என்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான். இறங்கும்போது தொடக்கத்திலிருந்தே லேசாகப் பிடித்துக்கொண்டு வா, ஓடவிட்டுப் பிடிக்காதே என்றேன். சரி என்றாள். வாழ்க்கையில் என் பேச்சுக்கு அவள் இரண்டாவது வாக்கியம் சேர்க்காமல் விட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

டாக்டருக்கு அவளே போன் செய்து சொன்னாள். "பரவாயில்ல மேடம், நம்பர் இல்லாம கடைசியில வாங்க" என்றாராம், மிகுந்த பெருந்தன்மையோடு.

அக்டோபர் 29, ஞாயிறு

அவளை ஏரிக்கரையில் விட்டுவிட்டு நான் பேருந்தில் அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே இறங்க முடியாது என்றாள்.

அடிவாரத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வேதமூர்த்தி கேடயங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் ஒருவர், இரும்புக் காலம், இரும்பு மனிதர்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். தூறல் பிடித்தது. பிறகு தூறல் மழையானது.

நான் டீக்கடையில் நின்றேன். ஒரு டீ வாங்கினேன். அது ஆறிப்போனது. இன்னொன்று வாங்கினேன்.

முதலில் வந்தது மினி டெம்போ. அதில் சைக்கிள்கள் நின்றுகொண்டு வந்தன. கயிறு கட்டி, தார்ப்பாய் போர்த்தி, மாலைகள் நனையாமல். அதன் பின்னால் ஒரு வேன். வேனிலிருந்து கதர் சட்டைகள் உலர்ந்தபடி இறங்கின. பல்லைக் காட்டிக்கொண்டு டாக்டர் கோகுலகண்ணன் வந்தார்.

"என்ன டாக்டர், பிரேக்கை நினைச்சு பயந்துட்டீங்களா?"

"பிரேக்கா? பெயின்டு சார். நனைஞ்சா அந்தத் தங்கக் கோடு போயிடும்." உண்மையிலேயே வியந்து என்னைப் பார்த்தார். "இதுல யாராவது மலையில இறங்குவாங்களா சார்?"

இந்த மாதம் முழுவதும் இந்தக் கூட்டத்தை நான் எள்ளி நகையாடிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்கள் சொன்னதை நம்பியவன் சேலத்திலேயே நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் ஒருவன் அல்ல, நாங்கள் இருவர்.

"என் வீட்டுக்காரம்மா எங்க?"

டாக்டர் வேனைத் திரும்பிப் பார்த்தார். "வண்டியில ஏறச் சொன்னோம் சார். கேக்கல. அவங்கதான் புது ரப்பர் போட்டிருக்காங்களே."

ஷாமியானாவில் பரிசளிப்பைத் தொடங்கிவிட்டார்கள். மழை வலுப்பதற்குள் முடிக்க வேண்டுமாம். முதல் பரிசு டாக்டரின் சைக்கிளுக்கு. அதை டெம்போவிலிருந்து இறக்கி, துடைத்து, மேடையில் ஏற்றினார்கள். கேடயத்தில் 'மலையை வென்ற மாவீரர்' என்று பொறித்திருந்தது.

நான் சாலையில் மேலே நடந்தேன். குடையைக் கடையிலேயே மறந்துவிட்டேன். கடைசி வளைவு வரை போனேன். ஒரு பேருந்து இறங்கியது. ஒரு காய்கறி லாரி இறங்கியது. இரண்டின் பிரேக்கும் நல்ல பிரேக். காதால் கேட்டே சொல்லிவிடுவேன், அதுதான் என் தொழில். அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும். அதில் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிறகு மேலே எங்கேயோ ஒரு கிறீச். நின்றது. மறுபடி கிறீச். ஓடவிட்டுப் பிடிப்பதல்ல, தொடக்கத்திலிருந்தே லேசாகப் பிடித்துக்கொண்டு வருகிற சத்தம். வளைவுக்கு வளைவு அது கீழே வந்தது. அவ்வளவு அருவருப்பான சத்தம் உலகத்தில் வேறு எதற்கும் கிடையாது. நான் வளைவின் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

திரும்பினாள். புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் பிளாஸ்டிக் பை கட்டி, வாயைத் திறந்துகொண்டு வந்தாள். பாடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது பக்கத்தில் வந்ததும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது. மணியை அடித்தாள், விடாமல் அடித்தாள்.

"அறிவிருக்கா? நடு ரோட்டுல யாராவது நிப்பாங்களா?"

வண்டி என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

வரிசையில் அவள் கடைசி. மலையில் இறங்கியவர்களில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.